ஒரே சீட்டு, இரண்டு கணக்கு: அமெரிக்க மாநில வாக்கெடுப்புகளும் பிரைமரி முடிவுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தேர்தல் முடிவு வரும் இரவுகளில் ஒரு குழப்பம் தவறாமல் எழும். ஒரு கட்சியின் வேட்பாளர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருப்பார். அதே வாக்குச்சீட்டில், அந்தக் கட்சி ஆதரித்த தீர்மானம் மண்ணைக் கவ்வியிருக்கும். இது எப்படி என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கேள்வி-பதில்.

வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் இருக்கும், சரி. கேள்வி எங்கிருந்து வந்தது?

அமெரிக்க வாக்குச்சீட்டு நீளமானது. ஆளுநர், செனட்டர், மாநிலக் கருவூலப் பொறுப்பாளர், நீதிபதி, பள்ளி வாரிய உறுப்பினர் என்று இறங்கிக்கொண்டே போகும். எல்லாம் முடிந்த பிறகு, பல சமயம் சீட்டின் பின்பக்கத்தில், ‘இந்தத் திருத்தத்தை ஏற்கிறீர்களா? ஆம் / இல்லை’ என்று ஒரு கேள்வி இருக்கும். இதைத்தான் பேலட் மெஷர் என்கிறார்கள். கலிபோர்னியாவில் இதற்குப் பெயர் புரொபசிஷன், ஒஹாயோவில் இஷ்யூ, புளோரிடாவில் அமெண்ட்மென்ட். நாடு முழுவதுக்கும் சேர்த்து இப்படி ஒரு வாக்கெடுப்பு அங்கே கிடையாது. எல்லாம் மாநில, உள்ளூர் அளவில்தான்.

கேள்வி இரண்டு வழியில் சீட்டுக்கு வரும். ஒன்று, மாநிலச் சட்டமன்றமே அனுப்பும். டெலவேர் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் மாநில அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டுமானால் மக்கள் ஒப்புதல் வேண்டும். இன்னொன்று, பொதுமக்களே கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவருவது. 1898இல் தெற்கு டகோட்டா இந்த வழியை முதலில் திறந்தது. கலிபோர்னியாவில் 1911இல் ஆளுநர் ஹைரம் ஜான்சன் கொண்டுவந்தார். அப்போது அந்த மாநில அரசியலையே சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி கையில் வைத்திருந்தது. சட்டமன்றத்தை நம்ப முடியாது, மக்கள் நேரடியாகச் சட்டம் போட ஒரு பின்வாசல் வேண்டும் என்பதுதான் அன்றைய வாதம். இன்று அங்கே சாதாரணச் சட்டத்துக்குக் கடந்த ஆளுநர் தேர்தலில் விழுந்த வாக்குகளில் 5 சதவீதமும், சாசனத் திருத்தத்துக்கு 8 சதவீதமும் கையெழுத்தாக வேண்டும். 2022 தேர்தல் கணக்குப்படி அது 5,46,651 மற்றும் 8,74,641.

பிரைமரி என்பது என்ன?

நவம்பர் பொதுத்தேர்தலில் கட்சி சார்பில் யார் நிற்பது என்று வாக்காளர்களே முடிவு செய்யும் முன்தேர்தல். நம் ஊரில் கட்சித் தலைமை பட்டியல் வெளியிடுவதைப் போல அங்கே செய்ய முடியாது. சில மாநிலங்களில் கட்சி உறுப்பினராகப் பதிந்தவர் மட்டும்தான் அந்தக் கட்சி பிரைமரியில் வாக்களிக்கலாம், சிலவற்றில் யார் வேண்டுமானாலும். கூட்டம் எப்போதும் குறைவு. 2014 ஜூனில் கலிபோர்னியா பிரைமரிக்கு வந்தவர்கள் பதிவு செய்த வாக்காளர்களில் 25 சதவீதம்தான். வருகிறவர்களும் பெரும்பாலும் வயதானவர்கள், கட்சிப் பிடிப்பு உள்ளவர்கள். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டும்.

2022இல் கான்சாஸ் பற்றி அவ்வளவு பேச்சு ஏன்?

கான்சாஸ் குடியரசுக் கட்சியின் கோட்டை. 2020இல் டிரம்ப் 56 சதவீதம் வாங்கினார். 2019இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், கான்சாஸ் சாசனம் பெண்ணின் உடல்மீதான உரிமையைக் காக்கிறது, அதில் கருக்கலைப்பும் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. குடியரசுக் கட்சிப் பெரும்பான்மைச் சட்டமன்றத்துக்கு இது பிடிக்கவில்லை. ‘அப்படி ஓர் உரிமை சாசனத்தில் இல்லை’ என்று எழுதும் திருத்தத்தை 2021இல் நிறைவேற்றி, மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்பியது.

தேதிதான் இங்கே சூட்சுமம். நவம்பர் பொதுத்தேர்தலில் வைக்கவில்லை. 2022 ஆகஸ்ட் 2, பிரைமரி நாளில் வைத்தார்கள். கான்சாஸ் பிரைமரியில் எந்தக் கட்சியிலும் பதியாதவர் அப்படியே போய் வேட்பாளருக்கு வாக்களிக்க முடியாது. ஜனநாயகக் கட்சியினருக்கும் பல பதவிகளுக்குப் போட்டியே இருக்காது, அதனால் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வாக்குச்சாவடிக்கு வருபவர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சியினர். பதிவு செய்த எவரும் திருத்தத்துக்கு மட்டும் வாக்களிக்கலாம் என்பது சட்டம்தான். ஆனால் அது எத்தனை பேருக்குத் தெரியும், தெரிந்தாலும் ஆகஸ்ட் வெயிலில் யார் வருவார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

ஜூன் 24ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்குமான கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தது. வாக்கெடுப்புக்கு ஆறு வாரம்கூட இல்லை. அதுவரை ஏட்டளவில் இருந்த கேள்வி ஒரே நாளில் உண்மையானது. 36 சதவீதம் பேர் வருவார்கள் என்று தேர்தலை நடத்தும் மாநிலச் செயலர் கணித்திருந்தார். வந்தவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர்: 9 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு கருக்கலைப்பு பற்றி நாட்டிலேயே முதலில் நடந்த இந்த வாக்கெடுப்பில் 59 சதவீதம் பேர் ‘இல்லை’ என்றார்கள், 41 சதவீதம் ‘ஆம்’.

‘இல்லை’ நகரங்களில் மட்டும் ஜெயித்திருந்தால் வழக்கமான கதை என்று விட்டுவிடலாம். டிரம்புக்கு 70 சதவீதத்துக்கு மேல் கொடுத்த ஓசேஜ் என்ற கிராமப்புறக் கவுண்டியிலும் (நம் மாவட்டம் போன்றது) ‘இல்லை’தான் முன்னிலை.

அப்படியானால் கான்சாஸ் மக்கள் கட்சி மாறிவிட்டார்களா?

இல்லை. அதே நாள், அதே சீட்டில் நடந்த குடியரசுக் கட்சி பிரைமரியில் ஜெயித்தவர்களைப் பாருங்கள். மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதவிக்குக் கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்க்கும் கிறிஸ் கோபாக் வேட்பாளரானார். நவம்பரில் மயிரிழையில் ஜெயிக்கவும் செய்தார். திருத்தத்தை ஆதரித்த செனட்டர் ஜெர்ரி மொரான் நவம்பரில் ஏறக்குறைய 60 சதவீதத்தோடு திரும்பி வந்தார். ஆளுநராக ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லி மறுபடி ஜெயித்தார், ஆனால் 50 சதவீதத்தைத் தொடவில்லை. ஆகஸ்டில் ‘இல்லை’ போட்ட கைகளில் கணிசமானவை நவம்பரில் மொரானுக்கும் போட்டிருக்கின்றன. இல்லாவிட்டால் கூட்டல் வராது.

இது முரண் இல்லையா? ஒரு பக்கம் ஆதரித்து, இன்னொரு பக்கம் எதிர்ப்பது?

தேர்தல் அலசல்களில் ‘குழம்பிய வாக்காளர்’ என்று எழுதுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது வாக்காளர் பொட்டலமாக வாங்குகிறார். வரி, துப்பாக்கி, எல்லை, பள்ளிக்கூடம், குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வந்த கட்சிப் பழக்கம், எதிர்க் கட்சிமேல் உள்ள எரிச்சல், எல்லாம் அந்த ஒரு பெயரில் அடக்கம். அதில் பிடிக்காத ஒன்றிரண்டு இருந்தாலும் பொட்டலத்தைத் திருப்பித் தர முடியாது. கேள்விக்குப் பதில் சொல்லும்போது பொட்டலம் கிடையாது, ஒரே ஒரு சரக்கு. பெயருக்குப் பக்கத்தில் கட்சி எழுதியிருக்கும். கேள்விக்குப் பக்கத்தில் எழுதியிருக்காது. கட்சி அடையாளம் இல்லாத இடத்தில் ஆள் தன் சொந்தப் புத்தியை எடுக்கிறார்.

கான்சாஸில் ‘இல்லை’ தரப்பு இதை நன்றாகப் புரிந்துகொண்டது. அவர்களுடைய விளம்பரங்களில் பெரும்பகுதி, அரசாங்கம் உங்கள் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறது என்றே பேசியது. கொரோனா காலக் கட்டுப்பாடுகளால் கொதித்துப்போயிருந்த பழமைவாதிகளின் மொழி அது. அவர்களிடமே அதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கான்சாஸ் ஒரு விதிவிலக்காக இருக்கலாமே?

அதே ஆண்டு நவம்பரில் கென்டக்கியிலும் இதே போன்ற திருத்தம் தோற்றது, 52 சதவீதம் எதிர்ப்பு. அதே சீட்டில் குடியரசுக் கட்சியின் ரேண்ட் பால் ஏறக்குறைய 62 சதவீதத்தோடு செனட்டரானார்.

கருக்கலைப்போடு நிற்கும் விஷயமும் இல்லை. மிசௌரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் அந்தச் சட்டமன்றம் தொழிற்சங்கங்களின் வருமானத்தில் கைவைக்கும் ‘ரைட் டு ஒர்க்’ சட்டத்தைப் போட்டது. சங்கங்கள் 3 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துத் திரட்டி, சட்டத்தை மக்கள் முன்னால் நிறுத்தின. சட்டமன்றம் வாக்கெடுப்பை நவம்பரிலிருந்து 2018 ஆகஸ்ட் பிரைமரிக்கு மாற்றியது. அதே கான்சாஸ் கணக்கு, நான்கு வருடம் முன்னால். மூன்றில் இரண்டு பங்கு பேர் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். நவம்பரில் அதே மாநிலம் குடியரசுக் கட்சியின் ஜோஷ் ஹாலியைச் செனட்டராக்கியது, கூடவே குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் கேள்விக்கு 62 சதவீதம் ‘ஆம்’ போட்டது.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். 2008இல் கலிபோர்னியா ஒபாமாவுக்கு 61 சதவீதம் கொடுத்தது. அதே நாளில் ஒருபால் திருமணத்தைத் தடுக்கும் புரொபசிஷன் 8ஐ 52 சதவீதத்தோடு நிறைவேற்றியது. 2024 நவம்பரில் இன்னும் வேடிக்கை. டிரம்புக்கு 58 சதவீதம் கொடுத்த மிசௌரி, குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்க ‘ஆம்’ என்றது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான கலிபோர்னியா 18 டாலராக்க ‘இல்லை’ என்றது. கலிபோர்னியா ஏற்கெனவே 16 டாலரில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது.

கேள்வி புரியாமல் தவறாக வாக்களிப்பவர்கள் உண்டா?

நிறைய. இதை வாக்காளர் தலையில் கட்டுவது சரியல்ல, கேள்வியை எழுதுபவர்களின் கைவண்ணம் அது.

கான்சாஸ் திருத்தத்தில் ‘ஆம்’ என்றால் உரிமை போகும், ‘இல்லை’ என்றால் இருக்கும். வாக்கெடுப்புக்கு முந்தின நாள், ‘ஆம்’ போட்டால் பெண்களின் தேர்வுரிமை காக்கப்படும் என்று தலைகீழாகச் சொல்லும் குறுஞ்செய்திகள் பல போன்களுக்கு வந்தன.

கலிபோர்னியாவில் இதைவிடப் பழைய குழப்பம் ஒன்று இருந்தது. சட்டமன்றம் போட்ட சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்பு கொண்டுவந்தால், கொண்டுவந்தவர்கள் ‘இல்லை’ போடுங்கள் என்று பிரசாரம் செய்ய வேண்டும். ‘ஆம்’ என்றால் சட்டம் நிலைக்கும் என்று அர்த்தம். 2023இல்தான் புத்தி வந்து, அந்த வகைக் கேள்விகளுக்கு ஆம்/இல்லை எடுத்துவிட்டு ‘சட்டத்தை வைத்திரு’, ‘சட்டத்தை ரத்து செய்’ என்று மாற்றினார்கள்.

ஒரு சொல் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு 2024 நவம்பர் நல்ல பாடம். சிறைக் கைதிகளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவதைத் தடுக்கும் திருத்தம் நெவாடாவிலும் கலிபோர்னியாவிலும் ஒரே நாளில் சீட்டில் இருந்தது. நெவாடா சீட்டில் ‘அடிமைத்தனம்’ என்ற சொல் இருந்தது, ஜெயித்தது. கலிபோர்னியா சீட்டில் ‘விருப்பமற்ற ஊழியம்’ என்ற சட்டப் பிரயோகம் மட்டும் இருந்தது, தோற்றது. இத்தனைக்கும் அரசு வீடு வீடாக அனுப்பும் விளக்கக் கையேட்டில் அதை எதிர்த்து ஒருவர்கூட வாதம் எழுதித் தரவில்லை.

எண்கூடக் குழப்பும். 1978 ஜூன் பிரைமரியில் கலிபோர்னியா மக்கள் நிறைவேற்றிய புரொபசிஷன் 13, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு கட்டிப்போட்டது. அந்த மாநில அரசியலில் இன்றுவரை யாரும் தொட அஞ்சும் சட்டம் அது. 2020 மார்ச் பிரைமரியில் பள்ளிக் கட்டடங்களுக்கு 1,500 கோடி டாலர் கடன் திரட்டும் கேள்விக்கு, வரிசைப்படி வந்த எண் அதே 13. தோற்றது. பழைய 13இல் கைவைக்கிறார்கள் என்று நினைத்துப் பலர் ‘இல்லை’ போட்டிருப்பார்கள் என்று ஆதரவாளர்கள் புலம்பினார்கள். எத்தனை பேர் என்று அளந்து சொல்ல வழியில்லை, ஆனால் புலம்பலில் நியாயம் இருக்கிறது.

பணம் கொட்டினால் ஜெயித்துவிடலாமா?

சில சமயம். 2020இல் ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் போன்ற கம்பெனிகள் தங்கள் ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கணக்கெடுக்கக் கூடாது என்ற புரொபசிஷன் 22க்கு 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஜெயித்தன. கான்சாஸில் திருத்தத்துக்குப் பின்னால் கத்தோலிக்கத் திருச்சபையின் பணம் பெரிய அளவில் நின்றது, அது ஜெயிக்கவில்லை.

தோற்ற பக்கம் எப்படி எடுத்துக்கொள்கிறது?

கான்சாஸில் சிலர் மறுஎண்ணிக்கை கேட்டார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசம் இருந்தும் கேட்டார்கள். செலவைத் தாங்களே கட்டி, ஒன்பது கவுண்டிகளில் கையால் எண்ண வைத்தார்கள். மாறியது நூறு வாக்குகூட இல்லை.

சட்டமன்றங்களின் எதிர்வினை இதைவிடச் சாமர்த்தியமானது: ஜெயிப்பதற்கான எல்லைக்கோட்டையே நகர்த்துவது. ஒஹாயோ சட்டமன்றம், கூட்டம் வராது, வீண் செலவு என்று ஆகஸ்ட் மாத விசேஷத் தேர்தல்களைப் பெரும்பாலும் ஒழித்திருந்தது. சில மாதங்களிலேயே 2023 ஆகஸ்ட் 8க்கு ஒரு விசேஷத் தேர்தலை அதே சட்டமன்றம் வைத்தது. கேள்வி: இனிமேல் சாசனத் திருத்தம் நிறைவேற 50 அல்ல, 60 சதவீதம் வேண்டும் என்று மாற்றலாமா? நவம்பரில் கருக்கலைப்பு உரிமைக் கேள்வி வரவிருந்தது, அதற்குத்தான் இந்த முன்வேலி. ஊரே புரிந்துகொண்டது. 57 சதவீதம் பேர் ‘இல்லை’ என்றார்கள். நவம்பரில் கருக்கலைப்பு உரிமை சுமார் 57 சதவீதத்தோடு நிறைவேறியது. வேலி போட்டிருந்தால் அது தோற்றிருக்கும்.

புளோரிடாவில் அந்த வேலி ஏற்கெனவே இருக்கிறது. 2024இல் கருக்கலைப்பு உரிமைக்கு அங்கே 57 சதவீதம் கிடைத்தும் தோல்வி, ஏனென்றால் 60 வேண்டும். அந்த 60 சதவீத விதியும் 2006இல் வாக்கெடுப்பில் வந்ததுதான். அன்று அதற்குக் கிடைத்தது 58 சதவீதத்துக்கும் குறைவு. தன் சொந்தப் பரீட்சையிலேயே தேறாத விதி!

மிசௌரியில் வேறு வழி. 2024இல் மக்கள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்புக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 2025இல் சட்டமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. சாசனத் திருத்தமாக இல்லாமல் சாதாரணச் சட்டமாகக் கேட்டதன் விலை அது.

கலிபோர்னியா பிரைமரியில் ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் இறுதிக்கு வருகிறார்களாமே?

ஆமாம். அந்த முறையைக் கொண்டுவந்ததே ஒரு வாக்கெடுப்புதான், 2010 ஜூன் பிரைமரியில். ஜனாதிபதி தேர்தல் தவிர மற்றவற்றில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியல், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள். 2016இல் செனட்டுக்கு இறுதியில் நின்ற இருவருமே ஜனநாயகக் கட்சி: லொரெட்டா சாஞ்சஸ், கமலா ஹாரிஸ். துளசேந்திரபுரத்து பி.வி. கோபாலனின் பேத்தி வாஷிங்டனுக்குப் போனது அந்த வழியில்தான். குடியரசுக் கட்சி வாக்காளர்கள் பலர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மற்றதற்கு வாக்களித்துப் போனார்கள். அதுவும் ஒரு பதில்தான்.

கூத்தும் உண்டு. 2012இல் 31ஆவது காங்கிரஸ் தொகுதியில் ஜனநாயகக் கட்சியினர்தான் அதிகம். ஆனால் அந்தக் கட்சியில் நான்கு பேர் நின்று வாக்கைப் பிரித்ததால் இரண்டு குடியரசுக் கட்சியினர் இறுதிக்குப் போனார்கள். 2024இல் 16ஆவது தொகுதியில் இரண்டாம் இடத்துக்கு ஜோ சிமிட்டியனும் இவான் லோவும் ஆளுக்கு 30,249 வாக்கு வாங்கிச் சமமாக நின்றார்கள். மறுபடி எண்ணியதில் லோ 5 வாக்கு முன்னால் வந்தார். ‘என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது’ என்று சிமிட்டியன் பக்கத்து ஆறு பேர் வீட்டில் இருந்திருக்கலாம்.

வாக்காளர்களுக்கு இது சலிக்கவில்லையா?

சலிக்கிறது. 2016 நவம்பரில் கலிபோர்னியா மக்களுக்கு 17 மாநிலக் கேள்விகள், விளக்கக் கையேடு மட்டும் 224 பக்கம். கேள்விகள் அதிகம், மொழி கடினம், பணக்காரர்கள் கைவரிசை என்று கருத்துக்கணிப்புகளில் குறைசொல்வார்கள். அப்படியானால் எடுத்துவிடலாமா என்று கேட்டால் பெரும்பாலோர் கூடாது என்பார்கள். புரியாவிட்டால் ‘இல்லை’ போட்டுவிடு என்பது அங்கே பல வீடுகளில் நடைமுறை.

பிரைமரி நாளில் கேள்வி வைத்து ஏமாந்த சட்டமன்றங்கள் பாடம் கற்றனவா?

2025 மார்ச்சில் கான்சாஸ் சட்டமன்றம் இன்னொரு சாசனத் திருத்தத்தை மக்களுக்கு அனுப்ப முடிவு செய்தது: மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளை ஆளுநர் நியமிப்பதற்குப் பதிலாக மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று. 2019இல் அந்தத் தீர்ப்பைச் சொன்ன அதே நீதிமன்றம்தான். வாக்கெடுப்புக்குக் குறித்த நாள் 2026 ஆகஸ்ட் 4, பிரைமரி.